அழித்த சிப்பில் ஏறிய எண்

அழித்த சிப்பைத் திரும்பப் படித்தால் எல்லா இடத்திலும் எஃப்எஃப் வரவேண்டும். ஒன்றும் எழுதப்படாத வெற்றிடம் என்று பொருள். ஜிஷாவின் லேப்டாப்பிலும் அப்படித்தான் வந்தது, முதல் இடத்தைத் தவிர. அங்கே 01.

மறுபடி அழித்தாள். படித்தாள். 02.

வெளியே மழை பிடித்திருந்தது. திற்பரப்பு அருவியின் இரைச்சல் ரப்பர் மரங்களுக்குள் புகுந்து வந்தது. கொல்லைப்புறத்துப் புகைப்புரையில் உலரும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் ஈர விறகின் புகையும் ஜன்னல் வழியே மேசைவரை நீண்டு, அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டன. போன மழைக்காலத்தில் அந்தப் புகைப்புரைக்குள்தான் வேலையாள் ஞானதாசன் மூச்சுமுட்டிச் செத்தார். ஈரத்தில் பருத்த கதவு இறுகிவிட்டது. அவர் தட்டியது மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

அதனால்தான் ஜிஷா உள்சுவரில் ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் வீட்டில் மணி அடிக்கும். எத்தனை முறை அழுத்தினார்கள் என்பது சிப்பின் நினைவகத்தில் ஏறும். கரண்ட் போனாலும் அழியாது. அப்பா இப்போது தனியாகத்தான் உள்ளே போகிறார்.

மணி இன்னும் நீளமாக அடிக்கட்டும் என்று, புரோகிராமை மாற்றி எழுத இன்று சிப்பைக் கழற்றி வந்திருந்தாள். பொத்தானோடு அதற்கு இப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உள்ளே புரோகிராமும் இல்லை. அப்படியிருக்க, அது எதை எண்ணுகிறது?

அழிக்காமல் வெறுமனே படித்தாள். 05. சற்றுப் பொறுத்து, 06. ஓய்ந்து ஓய்ந்து அழுத்தும் ஒரு கையைப் போல.

"மக்ளே, தீ தணியுது. வெறகு வச்சிட்டு வாறேன்." அப்பா தேவகுமார் தலையில் துண்டைப் போட்டபடி நின்றார்.

"இப்பம் போவாதீங்கப்பா. மணி வேலை செய்யாது."

"பின்னே? ஷீட்டுல பூஞ்சை பூத்துப்போச்சுன்னா உன் கம்ப்யூட்டரா வந்து காயப்போடும்?" சிரித்தார். "கதவுக்குக் கல்லு முட்டு குடுத்திருக்கேன். பேடிக்காத."

எண்ணைக் காட்டப் போனாள். காட்டினால் இன்னும் சிரிப்பார். ஷீட் அழுத்தும் ரோலரில் சிக்கிப் பாதி போன சுட்டுவிரலால் அவள் உச்சியில் தட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஜிஷா உறை பிரிக்காத புதுச் சிப் ஒன்றை எடுத்து மாட்டினாள். படித்தாள்.

08.

மறுபடி படித்தாள். 08. மறுபடி. 08. நின்றுவிட்டது. மூச்சுவிட்டாள்.

பிறகு இரண்டாவது இடத்தில் இன்னொரு எண்ணிக்கை தொடங்கியது. 01.

04.

19.

ஓடினாள். சேறு வழுக்கியது. "அப்பா!" மழை.

கதவு அகலத் திறந்து கிடந்தது. கல் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே மூங்கில் கழிகளில் ஷீட்டுகள் அசைந்தன. அடியில் தணல். வாசலில் அப்பாவின் செருப்பு.

ஆள் இல்லை.

உள்சுவரில் பொத்தான். அதைச் சுற்றிலும் கரிபிடித்த கைத்தடங்கள். ஒரு கையின் தடம் காய்ந்திருந்தது. இன்னொன்று ஈரம். அதில் சுட்டுவிரல் பாதிதான்.

பொத்தான் உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே போனது.