பக்கத்து வீட்டு வைஃபை திருடன்

திருடன் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்றிருந்தான்.

கையில் பால் விடாத கட்டன்சாயா டம்ளர். மழைக்கு அந்தப் பக்கம் அந்தக் கண்கள்... நேராக இவளையே பார்த்தன. சிரிக்கிறானா என்ன?

டெஸ்ஸி மடிக்கணினியை வராந்தா நாற்காலியில் வைத்துவிட்டுக் குடையை விரித்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

ஐப்பசி மழையோடு துலாம் மாதம் பிறந்ததிலிருந்து இதே கூத்து. காலையில் நெட் நொண்டும். பிற்பகலில் இரிஞ்ஞாலக்குடா வானம் கறுத்து இடி உறுமினால் செத்தே போகும். ரவுட்டரை இரும்பு அலமாரி மேலிருந்து இறக்கி ஹாலின் நடுவில் வைத்தாள்... காலை நொண்டல் தீர்ந்தது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ரவுட்டருக்குத் தனி பேட்டரியே வாங்கினாள். அதன் விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. பிற்பகல் நெட் மட்டும் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் அவள் வராந்தாவுக்கு ஓடி வந்தால், ஜன்னலில் இவன். அதே மாதம் குடிவந்த மாட்டு டாக்டர் ஜெய்சன். இது தற்செயலா?

அவன் வீட்டு கேட்டைத் தட்டினாள்.

"டாக்டரே... என் வைஃபைல என்ன செய்றீங்க?"

"நானா?" டம்ளரோடு கேட்டுக்கு வந்தான். "என்கிட்ட வைஃபையே கிடையாதே! போன்லதான் எல்லாம்."

"திருடன் எவன் ஒத்துக்கிட்டான்? நாளைக்கு வாடிக்கையாளர்கூட பெரிய வீடியோ கால். ஒரு தடவை அறுந்தாலும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறதை விட்டுட்டு பெங்களூரு வந்து சேருன்னு மேனேஜர் சொல்லிட்டார். இங்க ஹார்ட் பைபாஸ் ஆன என் அப்பச்சனை யார் பார்த்துப்பா? நீங்களா?"

"பார்த்துக்கலாம்... ஆனா அவர் நாலு காலில் நடக்கணும்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கேட்டை அறைந்து சாத்தினாள். இவ்வளவு சரளமாகப் பேசுகிறவனை எப்படி நம்புவது?

மறுநாள் பிற்பகல். கால் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு உறுமல். அடுத்த நிமிடம் திரை உறைந்தது.

"மோளே, போச்சா?" உள்ளிருந்து அப்பச்சன், அவள் அப்பா.

குடை எடுக்கக்கூட நேரமில்லை. மழையிலேயே ஜெய்சன் வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. கையும் களவுமாக...

ஜெய்சன் சுவரோரம் குனிந்திருந்தான். பக்கத்தில் மிக்ஸி, டிவி, ஃபிரிட்ஜ்... எல்லாம் பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவது அந்த ஊரில் மழைக்குக் குடை எடுப்பது போல. கை தானாகப் போகும். அவன் கையில் இன்னொரு பிளக் இருந்தது. அதன் வயர் மூலையிலிருந்த சாம்பல் நிறப் பெட்டிக்குப் போனது. பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்திருந்தன.

"அது என்ன?"

"தெரியல. வீட்டோட வந்தது. ஓனர் சேட்டன் ஏதோ கேபிள்காரங்க பெட்டின்னார்..."

டெஸ்ஸி பெட்டியிலிருந்து கிளம்பும் கம்பிகளைப் பார்த்தாள். ஒன்று ஜன்னல் வழியே மதில் தாண்டி... நேராக அவள் வீட்டுக்கு.

"என் கர்த்தாவே! இந்தத் தெருவுக்கே நெட் இதுலேர்ந்துதான் வருது! மாட்டுங்க!"

"இடி இறங்கினா பெட்டியே கருகிடும், டெஸ்ஸி."

என் பெயர் இவனுக்கு எப்படித் தெரியும்? சந்தேகப்பட இப்போது நேரமில்லை. இடி மின்கம்பி வழியே வராதபடி அவன் சட்டென்று மெயினை இறக்கினான். பெட்டியின் பிளக்கை வீட்டு இன்வெர்ட்டரில் செருகினான். பச்சை விளக்கு ஒன்று... இரண்டு... கண் விழித்தன.

"ஓடுங்க!"

ஓடினாள். மேனேஜரின் முகம் திரையில் அசைந்தது. "டெஸ்ஸி, இருக்கியா?" இருந்தாள். கடைசி வரை இருந்தாள்.

மழை ஓய்ந்தபின் தன்மானத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி அதே கேட்டுக்குப் போனாள்.

"திருடன்னு சொன்னதுக்கு... மன்னிச்சிடுங்க."

"கால்?"

"தப்பிச்சேன். இங்கேயே வேலை பார்க்கலாம்னுட்டார்."

"அப்போ பெங்களூரு இல்லையா?" அவன் நிம்மதியாக மூச்சு விட்ட விதமே சரியில்லை.

"நான் போனா உங்களுக்கென்ன டாக்டரே? அப்புறம்... ஒவ்வொரு இடிக்கும் ஜன்னல்ல என்ன வேலை? தெரிஞ்சேதானே பிடுங்கினீங்க?"

"சத்தியமா இல்ல. பிளக் எல்லாம் பிடுங்கிட்டு ஜன்னலுக்கு வந்தா நீங்க வெளியே வந்து வானத்தைத் திட்டுவீங்க. அந்தக் கண்ணு... அப்பச்சன் 'டெஸ்ஸி'ன்னு கூப்பிடுறது... அதுக்காகவே தினம் இடிக்குக் காத்திருந்தேன். உங்களைப் பிடிச்சிருக்கு. சொல்லத் தைரியம் இல்ல, அவ்வளவுதான்."

காது மடல் சுட்டது. இருந்தும் கண்ணை இடுக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதையும் நான் நம்பணுமா?"

"நம்ப வேண்டாம். பக்கத்துலயே இருந்து... ஆயுசு முழுக்க சந்தேகப்பட்டுக்கிட்டே இருங்க."

டெஸ்ஸி கேட்டின் கொண்டியை நீக்கி உள்ளே வந்தாள்.

"இருப்பேன்... ஜாக்கிரதை."