உப்புக் கோட்டுக்கு உள்ளே

வாசல் நிலையின் குறுக்கே போட்டிருந்த உப்புக் கோடு கலையவில்லை. கலைந்திருந்தால்கூட ரேணுகா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கோட்டின் வெளிச்சரிவு, நேற்று பொழுது சாய அவள் புருஷன் பஞ்சநாதன் கையால் அணைத்துவிட்டபடியே, விரல் பதிந்த அடையாளத்தோடு இருந்தது. உள்சரிவில்தான் ஒரு தடம். பெருவிரல் அகலத்துக்கு வழித்துவிட்டது போல இருந்தது. அது நிலையிலிருந்து சுவரோரமாகவே அடுப்பு மூலைக்குப் போய், அங்கிருந்து பின்கதவுக்கு வந்து, அங்கேயும் உப்பை உரசிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தது. உள்ளே வர நினைத்தது எதுவும் அப்படிச் சுற்றாது. வெளியே போக நினைத்ததுதான் சுற்றும்.

"இங்க வந்து பாருங்க."

"எலி" என்றான் பஞ்சநாதன், எட்டிக்கூடப் பார்க்காமல்.

"எலின்னா கால் தடம் இருக்கணும் இல்ல? கால் எங்க?"

"வாலை இழுத்துக்கினு போயிருக்கும். காலங்காத்தால ஆரம்பிக்காத ரேணுகா. உப்பு அம்பாரம் மூடணும், மழை வருது."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போயேவிட்டான். அவன் காலடி பட்டு உப்புக் கோட்டின் ஓரம் நசுங்கியது. திரும்பி வந்து அதைச் சரிசெய்துவிட்டுப் போனான். பெண்டாட்டி சொன்னதைக் காதில் வாங்க நேரமில்லாதவனுக்கு அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

மரக்காணம் உப்பளத்தின் வரப்பை ஒட்டி ஏழெட்டுக் கூரை வீடுகள். போன மார்கழியில் கடல் கால்வாயைத் தாண்டி ஏறிவந்து பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனதிலிருந்து, வளை இழந்த எலிகளும் அவற்றைத் தின்ன வந்தவையும் இந்த வீடுகளைத்தான் தேடின. அதற்கு அங்கே எல்லோரும் நம்பிய ஒரே வைத்தியம் உப்பு. வயிற்றில் உப்புப் பட்டால் எரியும், பாம்பு தாண்டாது என்று யாரோ சொல்லப்போக, களத்தில் கூட்டிப் பெருக்கிய அழுக்கு உப்பை அள்ளிவந்து வாசலிலும் சுவரோரமும் சின்ன வரப்பாகக் கட்டிவிட்டார்கள். பஞ்சநாதன் உப்பள மேஸ்திரி. விரல் நுழைய இடம் விடாமல் நாலு சுவரும் சுற்றிக் கட்டியிருந்தான். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ரேணுகாவுக்குக் கோபம் உப்பின் மேல் அல்ல, கூரையின் மேல். மழைக்காலத்தில் உப்பு அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடுவார்கள். புது ஓலை வந்ததும் பழையதைக் களத்து மேட்டிலேயே கொளுத்திவிடுவதுதான் வழக்கம். மாசக்கணக்கில் கதகதப்பாக அம்பாரத்தின் மேல் கிடந்த ஓலைக்குள் என்னென்ன குடும்பம் நடத்துகிறதோ, யார் கண்டது? இந்த வருஷம் பஞ்சநாதனின் புத்தி வேறு மாதிரி போனது. உப்பேறின ஓலை, கரையான்கூட அண்டாது என்று சொல்லி, ஒரு வண்டி தன் கூரைக்கும் ஒரு வண்டி பக்கத்து வீட்டுத் தனகோடியின் கூரைக்கும் கொண்டுவந்து வேய்ந்தான்.

அடுத்த வாரமே தனகோடியின் பெண்சாதி ஜெயா செத்துப்போனாள். நன்றாகச் சாப்பிட்டுத் தரையில் படுத்தவள், விடியும் முன்னே வயிறு வலிக்குது என்று எழுந்தாள். கடித்த அடையாளம் இல்லை, வீக்கம் இல்லை. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகிற வழியில், கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. காரியம் முடிந்த கையோடு தனகோடி கூரையைப் பிரித்தான். ஓலை மடிப்பிலிருந்து ரெண்டு கட்டுவிரியன்கள் விழுந்தன.

அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு பஞ்சநாதன் என்ன சொன்னான் தெரியுமா? "அவன் உப்பை ஒழுங்கா போடல. அதான் உள்ள வந்துட்டுது" என்றான். அழுதுகொண்டிருந்த தனகோடி தலையைத் தூக்கிப் பார்த்தான். ரேணுகாவுக்கு அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. தன் கையால் வேய்ந்த ஓலை ஒருத்தியைக் கொன்றது என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. கூரையைப் பிரித்தால் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும். அதனால் ஓலை அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது. அதற்கு அடியில்தான் அவள் மகள் இலக்கியா, நாலு வயசுக் குழந்தை, பொம்மைக்குச் சேலை கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

பகல் பூராவும் ரேணுகா குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ் பிடித்துப் பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டாள். மத்தியானமே போயிருக்கலாம். ஆனால் வானம் கொட்ட ஆரம்பித்து, வரப்புப் பாதை முழங்கால் தண்ணீருக்குள் போய்விட்டது. பொழுது சாய, வீட்டுக்குள் உருளைக்கிழங்கு வேகிற வாசம் வந்தது. அவள் வைத்திருந்தது கருவாட்டுக் குழம்பு. அந்தக் காரத்தையும் மீறி, மண்ணோடு சேர்த்து வேகவைத்த மாதிரி ஒரு மந்தமான வாசம் கூரையிலிருந்து இறங்கி வந்தது. பாம்பு கொட்டாவி விட்டால்தான் அந்த வாசம் வரும் என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் துடைப்பத்தை எடுத்தாள். பின்கதவில் இருந்த உப்புக் கோட்டை ஒரு முழத்துக்குப் பெருக்கித் தள்ளினாள். போகட்டும், வழி இருந்தால் போய்த் தொலையட்டும்.

நனைந்து ஊறி வந்த பஞ்சநாதன் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

"எவ கலைச்சது இத?"

"நான்தான். உள்ள இருக்கிறது வெளிய போவட்டும்னு."

"உள்ள ஒண்ணும் இல்ல."

"ஜெயா வூட்டு ஓலைலயும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்ன."

அவன் முகம் சுருங்கிப்போனது. குனிந்து இரண்டு கையாலும் உப்பை வாரி, இடைவெளியை அடைத்து, அறைந்து அறைந்து இறுக்கினான்.

"இன்னொரு வாட்டி அந்தப் பேச்சை எடுத்த, பல்லு கில்லு பேந்துடும்."

"அடி. தெரிஞ்சது அது ஒண்ணுதான உனக்கு! நாளைக்கு எம் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா அப்பவும் உப்பு சரியில்லன்னு சொல்லுவியா?"

"த பாரு. நான் கீழத்தான் படுப்பேன். அந்த ஓலைக்கு நேரா படுப்பேன். காலைல முழுசா எந்திரிச்சேன்னா, அதோட நீ வாயை மூடிக்கணும்."

"எந்திரிக்காமலே போ" என்றாள் ரேணுகா.

சொல்லியே விட்டாள். அவன் கேட்டானா கேட்கவில்லையா தெரியவில்லை. பாயை உதறி நடுவீட்டில் விரித்தான். கருக்கலிலேயே களத்துக்குப் போகிறவர்கள் விளக்கு வைத்ததும் படுத்துவிடுவார்கள். கரண்ட் வேறு போய்விட்டது. "நான் அப்பாகிட்ட" என்று இறங்கப்போன இலக்கியாவை அவள் இழுத்துக் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் கிடத்தினாள். குழந்தை சிணுங்கிச் சிணுங்கித் தூங்கிப்போனது. பஞ்சநாதன் போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சீண்டுவதற்கென்றே செய்கிறவன் போல, படுத்த மாத்திரத்தில் குறட்டை விட்டான்.

ரேணுகா கட்டில் விளிம்பில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் முக்காலியின் மேல் சிம்னி விளக்கு. மழை ஓலையின் மேல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது, அதற்கு அடியில் எலிகள் பறண்டுகிற சத்தம், இன்னும் அடியில் அவன் குறட்டை. ஒவ்வொரு குறட்டைக்கும் அவள் வயிறு எரிந்தது. கூரையின் நிழல் சுவரில் பெருத்துச் சிறுத்து அசைந்தது, உப்புக் கோடு மட்டும் ஈரத்தில் மினுமினுத்து, வீட்டைச் சுற்றி வெள்ளையாக ஓடியது. இப்படியே விடிந்துவிட்டால் போதும் என்று உலகத்தில் உள்ள சாமியையெல்லாம் வேண்டினாள்.

எலிகள் நின்றன.

மழை நிற்கவில்லை. குறட்டை நிற்கவில்லை. எலிகள் மட்டும், எல்லாமே ஒன்றாக, பறண்டுவதை நிறுத்தின. பிறகு ஓலைக்குள் ஏதோ ஒன்று நெடுகிலும் உரசிக்கொண்டு போனது. அவசரமில்லாமல். அடுப்பு மூலையில் தொப்பென்று ஒரு சத்தம். ஈரத்துணி விழுந்தது போல.

கறுப்பு. அதன் மேல் மெல்லிய வெள்ளை வளையங்கள். சுவரோரமாக வந்தது. வாசல் கோட்டில் தலையை வைத்தது. வைத்தபடியே கிடந்தது. உப்பு எரித்ததோ, வழிதான் பிடிக்கவில்லையோ, பின்வாங்கித் திரும்பியது. பின்கதவுக்குப் போனது. பஞ்சநாதன் அறைந்து இறுக்கிய இடத்திலும் தலையை வைத்தது. அங்கேயும் இல்லை.

இப்போதே கூப்பிட வேண்டும். ஆனால் தூக்கத்தில் எழுப்பினால் அவன் உதைத்துக்கொண்டுதான் எழுவான், பன்னிரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். அசையாமல் கிடந்தால் ஒருவேளை அது போய்விடும். இதெல்லாம் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. படட்டும். ஒருதரம் பட்டால்தான் புத்தி வரும். நான் தொண்டை வறளக் கத்தினேனே, கேட்டானா?

அந்த ஒரு நினைப்பு ஓடுகிற நேரம் மட்டும்தான் அவள் வாயை மூடியிருந்தாள்.

காற்று அடித்தது. விளக்கு அணைந்தது.

இருட்டு. தீப்பெட்டி எங்கே? முக்காலியில் இல்லை. தலையணை அடியில். எடுத்தாள். ஈரம். ஒரு குச்சி, மருந்து உதிர்ந்தது. இன்னொன்று, உடைந்தது. தரையில் சரசரப்பு. கட்டிலின் கயிறு ஒருமுறை முனகியது, தான்தான் அசைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி சரசரப்பு. பாயின் கோரை நெரிகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"ஏங்க" என்றாள். மழை இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

மூன்றாவது குச்சி பற்றியது.

சுவரோரம் காலி. வாசல் காலி. பாயில் பஞ்சநாதன் மல்லாந்து கிடந்தான். போர்வை அவன் இடது பக்கம் உப்பியிருந்தது. இது கதகதப்பைத் தேடி வரும் சாதி. போர்வைக்குள் போய்விட்டது. விளக்கை ஏற்றினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிறகு அவனை எழுப்பலாம். முதலில் குழந்தை. கண்ணைப் பாயிலிருந்து எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள்.

தலையணை. பொம்மை. கயிறு. சுவர்.

மறுபடி துழாவினாள். சுவர்.

அந்த உப்பல். அது பாம்புக்கு மிகவும் பெரியது.

"இலக்கியா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டால் அவன் உதைப்பான். "கண்ணு. அசையாத. அம்மா வர்றேன். அப்படியே இருடி என் தங்கம்."

போர்வைக்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் குழந்தை குரல் கொடுத்தது.

"அப்பா கை ஜில்லுனு இருக்குதும்மா."

பஞ்சநாதனின் கைகள் இரண்டும் போர்வைக்கு வெளியே, அவன் தலைக்கு அடியில் கோத்துக்கிடந்தன.