கடைசியாகத் திருத்திய பதிவு

மத்தியானச் சாப்பாட்டை முடித்த கையோடு அவள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள அறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மூன்று கம்பெனிகளின் கிளவுட் சேமிப்பில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்த நோயாளிகளின் பதிவுகளை ஒன்றுசேர்ப்பது அவள் வேலை. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால், கடைசியாகத் திருத்தியது நிற்கும், மற்றது அழியும். அந்த விதியை எழுதியவளும் அவள்தான். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்று மணிக்குத் திரையில் ஒரு ஜோடிப் பதிவு வந்து நின்றது. பிறந்த தேதி ஒன்று, விலாசம் ஒன்று, தாய் ஒருத்தி. ஒரே ஆளா, வேறு வேறா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

தாயின் பெயர் அவளுடையது.

அவளுக்குப் பிறந்தது இரட்டைப் பிள்ளைகள். பள்ளி லீவு என்பதால் சின்னவள் வீட்டில் அப்பாவை ஒரு வழி பண்ணிக்கொண்டிருப்பாள். பெரியவள் ஐந்து வயதில், இதே ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது.

வேறு வேறு என்று அழுத்தினாள். கண்ணைத் துடைப்பதற்குள் ஜோடி திரும்பி வந்தது.

இந்தத் தடவை பெரியவளின் எடை மாறியிருந்தது. இருபத்து நாலு கிலோ.

எட்டு வயதுப் பிள்ளையின் எடை.

எங்கோ குளறுபடி என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஏசிக் குளிரில் காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடை வந்தது. அந்தக் கடைசி வாரம் முழுக்க அவள் கையில் பிசுபிசுத்த மருந்து.

பயந்து எழுந்து போயிருக்க வேண்டும். பெற்ற மனசு ஆசைப்பட்டுவிட்டது.

பதிவைத் திறந்தாள். 'இறந்துவிட்டார்' என்று இருந்தது. ஒரே ஒரு நிமிஷம், பிறகு பழையபடி போட்டுவிடலாம் என்று அதை அழித்துச் சேமித்தாள்.

சேமித்த பிறகுதான் உறைத்தது. இப்போது கடைசியாகத் திருத்திய பதிவு பெரியவளுடையது.

ஜோடி மறுபடி வந்தது. எதுவும் கேட்கவில்லை. சின்னவளின் தடுப்பூசி, கை முறிவு, கண்ணாடி நம்பர் எல்லாம் வரிவரியாக மறைந்தன. மூன்று கிளவுடிலும் தேடினாள். எங்கும் இல்லை.

கணவனுக்குப் போன் போட்டு, சின்னவள் எங்கே என்று கேட்டாள்.



"மறுபடியும் ஆரம்பிக்காதம்மா," என்றான் சோர்ந்துபோய். "அவ போய் மூணு வருஷமாச்சு. இந்தா, பெரியவகிட்ட பேசு."

"அம்மா," என்றது போன்.

மூன்று வருஷம் வளர்ந்த குரல். அதைக் கேட்டதும் ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கப்போவதில்லை.

"தங்கச்சி எங்கடா?"

"நான் இருந்த இடத்துல." குரல் தாழ்ந்தது. "அழுதுகிட்டே இருக்காம்மா. உனக்குக் கேக்கலையா?"

போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், அவள் நாற்காலிக்குப் பின்னால், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.