திண்டிவனத்துக்காரிக்கு விழுப்புரத்தில் என்ன வேலை?

"ஜன்னலை மூடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? மழை பூரா என் மேலதான் அடிக்குது!"

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவன் திரும்பினான். பெரிய கண்கள்… இமையெல்லாம் மழைத்துளி.

"மூட வரலீங்க, துருப்பிடிச்சிக் கெடக்குது. வேணும்னா நீங்க இங்க வாங்க. நான் அங்க வந்து நனையறேன்."

"ஒண்ணும் வேணாம்!"

பானுப்ரியா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகம் எங்கே தெரிந்தது? கண் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் துப்பட்டாவுக்குள். ஆனால் அந்தக் கண்களே போதும், ஒரு ஆளை எரித்துவிடும். அன்றைக்கு எரிப்பதற்கு யாராவது கிடைப்பார்களா என்றுதான் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? நிச்சயமான மாப்பிள்ளை வல்லரசு, "கல்யாணம்தான் ஆகப்போகுதே" என்று பாண்டிச்சேரி லாட்ஜுக்குக் கூட்டிப்போனான். அவளுக்கும் சம்மதம்தான். அதில் அவளுக்கு வெட்கமில்லை. போன வாரம் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. திண்டிவனத்தில் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பவளிடமா அதை மறைப்பது? துருவிக் கேட்டபோது உண்மை வந்தது. சிபிலிஸ். உடலுறவில் தொற்றும் நோய். லாட்ஜுக்குப் போகும் முன்பே அவனுக்குத் தெரியும்!

"ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான். நீயும் ஒரு ஊசி போட்டுக்கோ. யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றான்.

அயோக்கியன்.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அதனால்தான் விழுப்புரம் பஸ். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி., பால்வினை நோய்களுக்கு ரத்தம் பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்தை விசாரித்துக் கண்டுபிடித்தாள். வாசல் பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில்…

அதே பெரிய கண்கள்!

"என் பின்னாடியே வந்துகினு இருக்கீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. நானும் டெஸ்ட்டுக்குத்தான்."

"ஓ… அப்படியா? எந்தப் பொண்ணோட வாழ்க்கையக் கெடுத்துட்டு வந்து உக்காந்திருக்கீங்க?"

அவன் முகம் வாடிவிட்டது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை.

"சென்னையில வேலை செஞ்சப்ப ஒரு பொண்ணோட பழக்கம். ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி கடைசியா ஒரு நாள்… அதோட பிரிஞ்சிட்டோம். முந்தாநேத்து அவளே போன் பண்ணினா. 'எனக்கு இன்ஃபெக்ஷன் இருக்கு, நீயும் பாத்துடு'ன்னு சொன்னா. சொல்லணும்னு அவளுக்குத் தலையெழுத்தா? ஆனா சொன்னாளே…"

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இருந்த நேர்மையில் கால்வாசி வல்லரசுவுக்கு இருந்திருக்கக் கூடாதா? பானுவின் துப்பட்டாவுக்குள் கண்ணீர் இறங்கியது. கோபத்தில் வந்த அழுகைதான்.

"உங்க பேரு?" என்று கேட்டுவைத்தாள்.

"பூமாலை."

"பேரா அது?"

"தாத்தா பேருங்க. திண்டிவனத்துலதான் மோட்டார் காயில் கட்டுறேன். வர்றவங்க எல்லாரும் பேரைக் கேட்டுட்டுத்தான் மோட்டாரக் குடுப்பாங்க, ஒரு தபா சிரிச்சிட்டு."

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

உள்ளே ஆலோசகர் அமலா மேடம் ஊரைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "திண்டிவனத்துக்காரங்க இங்க வர்றீங்க. விழுப்புரத்துக்காரங்க திண்டிவனம் போறாங்க. பஸ்காரனுக்குத்தான் லாபம்!"

பூமாலைக்கு எதுவும் இல்லை. பானுவுக்கு சிபிலிஸ் இருந்தது. இடுப்பில் ஊசி போட்டார்கள். குணமாகிவிடும் என்றார்கள். எச்.ஐ.வி. இல்லை. ஆனாலும் அது உடனே தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஊசி வலியில் நொண்டிக்கொண்டு வந்தவளிடம் பூமாலை தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஏதும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்தப் பெஞ்சில் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அடுத்த வாட்டியும் இங்கதானே?" என்று போன் நம்பர் கொடுத்தான்.

"பாக்கலாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, நம்பரைப் பத்திரமாகப் பதிந்து, அவனுக்கு ஒரு மிஸ்டு காலும் கொடுத்தாள்.

வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னதும் அன்றைக்கே இடி இறங்கியது.

"ஊசிதான் போட்டாச்சே? சத்தம் போடாம கல்யாணத்த முடிச்சிக்கலாம்டி. பத்திரிகை குடுத்தாச்சி" என்றாள் அம்மா கெங்கம்மாள். அப்பா வேங்கடேசன் மல்லாட்டைக் கடலை மூட்டை மேல் உட்கார்ந்து, "மானம் போயிடும்மா…" என்று முனகினார்.

"யாரு மானம்ப்பா? தெரிஞ்சே என்னைத் தொட்டான். அவனுக்குப் போகாத மானம் எனக்கு எதுக்குப் போவணும்?"

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எல்லோர் முன்னாலும் பானு கேட்டாள்.

"பத்துப் பொருத்தமும் பாத்தீங்க. இப்ப ஒரு ரத்தப் பரிசோதனையும் பாத்துடலாம். வல்லரசு, வர்றியா? வண்டிய எடு!"

அவன் வரவில்லை. கல்யாணம் நின்றது. ஆனால் ஊர் என்ன பேசியது தெரியுமா? 'பொண்ணுக்குத்தான் ஏதோ நோயாம்…' வயிறு எரிகிறது, அதைச் சொல்லும்போதே.

பூமாலை இரண்டு தடவை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. அவன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவோமோ என்று பயம். பரிதாபப்பட்டுப் பேசுகிறானோ என்று வீம்பு. வீம்பு பகலில் ஜெயித்தது… ராத்திரி அந்தக் கண்கள் ஜெயித்தன.

மூன்று மாதம் ஓடியது. அன்றைக்கும் மழை. பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பானு துப்பட்டாவை முகத்துக்கு இழுத்தாள்… கை அப்படியே நின்றது.

தப்புச் செய்தவன் சொந்த ஊரில் பைக்கில் சுற்றுகிறான். நான் ஏன் ஊர் விட்டு ஊர் போய் ஒளிய வேண்டும்?

துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கே நடந்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு, நெரிசலான வராந்தாவில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"விக்கிரவாண்டி டோல்கிட்ட, பஸ்ல… நீங்க?"

"திண்டிவனம் ஆஸ்பத்திரியில. இன்னுமா ஒளிஞ்சிகினு போறீங்க?"

"நீங்க அங்க வருவீங்கன்னுதாங்க போய்க்கினு இருந்தேன்!"

மழையும் அவன் மூச்சும் மட்டும் போனில் கேட்டன. பிறகு பஸ்ஸை நிறுத்தும் கண்டக்டரின் விசில்.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். அவசரமாக எந்த வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான், சட்டையெல்லாம் சேறு. வராந்தா முழுக்கத் தெரிந்த முகங்கள். மெடிக்கல் ஷாப்புக்குத் தினமும் வரும் புனிதா அக்கா, வல்லரசுவின் தெருக்காரர்கள்… எல்லோரும் இவர்களையே பார்த்தார்கள்.

"போன எடுக்கவே இல்லியே…" என்றான் மெதுவாக.

"பரிதாபப்பட்டுப் பேசறீங்களோன்னு நெனச்சேன்."

"பரிதாபமா? உங்க மேலயா? உங்களப் பாத்தா பயந்தாங்க வருது. ஆனா… பாக்காம இருக்க முடியல."

அவன் காது மடல் சிவந்திருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அங்கேயும் எதுவும் கண்ணில் படவில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பானுப்ரியா! ரிசல்ட் வந்தாச்சி, உள்ள வாம்மா. கூட இருக்கறது யாரு?"

வராந்தாவே காதைத் தீட்டிக்கொண்டது. பானு எழுந்தாள். மூன்று மாதமாக உள்ளே கொதித்ததெல்லாம் குரலில் ஏறியது.

"நான் கட்டிக்கப்போறவரு சிஸ்டர். அவருக்கும் டெஸ்ட் எடுக்கணும்."

புனிதா அக்கா வாயைப் பிளந்தாள். பூமாலை அப்படியே நின்றுவிட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லீங்களே…"

"இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

"ஐயோ, அது இல்லீங்க!" அந்தப் பெரிய கண்கள் நிறைந்துவிட்டன. "ரிசல்ட் என்னன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. அதுக்குள்ள…"

"எதுவா இருந்தாலும் என்கிட்ட மறைக்க மாட்டீங்க. நானும் மறைக்க மாட்டேன்" என்றாள் பானு. "எனக்கு அது போதும். வாங்க."