ஊருக்குப் போகும் பெட்டி

மேலே வைத்த சாக்லேட் பை அடியில் கிடந்தது.

இரவு வேலை முடிந்து வந்த மரிவிக், பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல், அறை மூலையில் நின்ற அட்டைப்பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை அவள்தான் அந்தப் பையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். இப்போது அது சோப்புக் கட்டிகளுக்கும் இறைச்சி டின்களுக்கும் கீழே இருந்தது. நடுவில் ஒரு பள்ளம். யாரோ உள்ளே உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி துணிகளெல்லாம் இரண்டு பக்கமும் நசுங்கி ஒதுங்கியிருந்தன.

"நெனித் அக்கா, என் பெட்டியைக் கிளறினீங்களா?"

"உன் பெட்டில எனக்கென்னடி வேலை? என் பெட்டியே இன்னும் ரொம்பல!" சமையலறையில் கருவாடு பொரித்துக்கொண்டே நெனித் கத்தினாள். மரிவிக் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில் இருபது வருடமாக நர்ஸாக இருப்பவள். இந்த வீட்டின் உள்ளறையை மரிவிக்குக்குக் கொடுத்தவளும் அவள்தான். "இன்னும் இடம் இருந்தா நீயே ஏறி உக்காந்துக்கோ. மணிலா வழியா நேரா வீட்டு வாசல்ல இறக்கிடுவான்."

மணிலாவைத் தாண்டியிருக்கும் இலோயிலோவிலிருந்து சிகாகோ வந்து இறங்குபவர்கள் கட்டில் வாங்குவதற்கு முன் பெட்டி வாங்குவார்கள். மாதக்கணக்கில் அதில் சாமான் சேர்த்துச் சேர்த்து ஊருக்குக் கப்பலில் ஏற்றுவார்கள். எடை பார்ப்பதில்லை என்பதால் விரல் நுழையும் சந்துகூட விடமாட்டார்கள்; ஷூவுக்குள் காலுறை, காலுறைக்குள் மிட்டாய். மரிவிக்கின் பெட்டி புதிதாக வாங்கியதல்ல. அறையில் முன்பிருந்த லோர்னா விரித்து வைத்துவிட்டுப் போனது.

"லோர்னா எங்கேக்கா போனா?"

"ஒரு பெட்டி அனுப்பினா. அடுத்ததை விரிச்சு வெச்சா. அப்புறம் ஆளையே காணோம். ரெண்டு மாசம் கழிச்சு ஊர்லேருந்து போட்டோ வருது, மேசையில உக்காந்து மீன் சாப்பிடுறா!" நெனித் சிரித்தாள். "பாஸ்போர்ட் இன்னும் என் டிராயர்லதான் கிடக்கு. எப்படித்தான் போய்ச் சேந்தாளோ, மறதிக்காரி."

அன்று மரிவிக்குக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. திரையை இழுத்துவிட்டுப் படுத்தால், சுவரோரத்து வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்று அடித்தது. தூரத்தில் மேம்பால ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. இரண்டும் நிற்கும் இடைவெளியில், மூலையிலிருந்து அட்டை மெல்ல முனகுவது கேட்டது, பாரம் தாங்கும் அட்டையின் முனகல். குளிரில் அட்டை சுருங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெட்டியிலிருந்து அவளுடைய தலையெண்ணெய் வாசனை வந்தது.

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஊரில் மறுநாள் காலை ஏழு. தங்கை தேசி வீடியோவில் வந்தாள். பின்னால் மரிவிக்கின் மகள் ஐரா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். விட்டுவரும்போது ஆறு வயது. இப்போது எட்டு. அவளை அழைத்துக்கொள்ளப் போட்ட விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறதோ, யாருக்கும் தெரியாது. இடையில் ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பதும் நிச்சயமில்லை.

"ஐரா, அம்மாகிட்டப் பேசு."

குழந்தை நிமிரவே இல்லை. "அது அம்மா இல்ல சித்தி. போனு."

பேசி முடித்ததும் மரிவிக் வாய்விட்டு அழுதாள். மகளின் கால் அளவுத்தாளைக் கையில் எடுத்தாள். தேசி ஐராவைத் தாளின்மேல் நிற்கவைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, ஊரிலிருந்து வந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்பியது. அதை வைத்துத்தான் மரிவிக் சிவப்பு ஷூ வாங்கினாள். எத்தனை கடை ஏறி இறங்கினாள்! பெற்ற பிள்ளைக்கு முகம் மறந்துபோனால் ஷூ எதற்கு?

அழுத களைப்பில், நெனித் சொன்னது ஞாபகம் வந்து, விளையாட்டாகத்தான் பெட்டிக்குள் காலை வைத்தாள்.

பள்ளம் கச்சிதமாக இருந்தது. முழங்காலை மடித்தால் முழங்காலுக்கு ஓர் இடம். முழங்கைக்கு ஓர் இடம். தலை சாய்க்கத் துண்டுகளில் ஒரு குழி. இரண்டு வருடமாக இந்த ஊரில் கிடைக்காத கதகதப்பு. சோப்பும் சாக்லேட்டும் கலந்த வாசனையில் கண் சொருகியது.

விழித்தபோது ஒரே இருட்டு.

மேல்மூடிகள் மூடியிருந்தன. அவள் மூடவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஏதோ மூச்சு விட்டது. அவள் மூச்சை நிறுத்தினாள். அது நிறுத்தவில்லை.

மூடியை முட்டிக்கொண்டு வெளியே விழுந்தாள். போட்டிருந்த பழுப்பு ஸ்வெட்டர் உடம்பில் இல்லை. உள்ளே கைவிட்டு எடுக்கத் தைரியம் வரவில்லை.

வேலைக்குப் போய் மறுநாள் காலை திரும்பியபோது பெட்டி டேப் ஒட்டித் தயாராக இருந்தது. மேலே தேசியின் முகவரி. மரிவிக்கின் கையெழுத்தேதான். அவள் எழுதவில்லை. ஓடிப்போய் நெனித்திடம் காட்டினாள். "நைட் டூட்டி பாத்தா எழுதினதுகூட மறந்துடும், போய்த் தூங்குடி" என்றாள் நெனித்.

பெட்டி எடுக்கும் டான்டோய் பத்து மணிக்குக் கதவைத் தட்டினான். கொடுக்கக்கூடாது என்று தோன்றியது. ஆனால் மார்ச்சில் ஐராவுக்குப் பிறந்தநாள். இதை விட்டால் சிவப்பு ஷூ நேரத்துக்குப் போய்ச் சேராது. ஷூவாவது அம்மாவை ஞாபகப்படுத்தாதா?

"எடுத்துக்கோ" என்றாள்.

"என்னக்கா, ஆளையே வெச்சுக் கட்டிட்டீங்களா?" தள்ளுவண்டியில் சாய்க்கும்போது அவன் திணறினான்.

உள்ளே எதுவும் உருளவில்லை. பிடிமானம் தேடுவதுபோல் ஒரு நகம் அட்டையைக் கீறியது. டான்டோய்க்கு அது கேட்கவில்லை.

முதல் வாரம், ஆள் வந்தால் தானாகத் திறக்கும் மருத்துவமனைக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. இன்னொருவர் வரும்வரை காத்திருந்து உள்ளே போனாள். மூன்றாவது வாரம் பஸ் நிற்கவில்லை. ஆறாவது வாரம் வேலை அட்டவணையில் அவள் பெயர் இல்லை. ஏனென்று கேட்டாள். யாரும் திரும்பவில்லை. நெனித் ஒரு தட்டு மட்டும் வைத்தாள்.

"அக்கா, நான் இங்கதான் இருக்கேன்! பாருங்கக்கா!"

நெனித் உள்ளறை விளக்கை அணைத்தாள். போனில் யாரிடமோ சொன்னாள்: "மரிவிக்கும் சொல்லாம கொள்ளாமப் போயிட்டா. ரூம் காலி."

பத்தாவது வாரம் மரிவிக் ஊருக்கு அழைத்தாள். மணி அடித்தது. ஐராவின் முகம் திரையை நிறைத்தது. விழுந்த பல் முளைத்திருந்தது.

"ஐரா! கண்ணு! அம்மாடா!"

"சித்தி, போன்ல யாருமே இல்ல." குழந்தை போனை மேசையில் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடியது. சிவப்பு ஷூ தரையில் சத்தமிட்டது.

கூடம் முழுவதும் தெரிந்தது. பிரித்து விரித்த பெட்டி அட்டை. அதன் பக்கத்தில் மண்டியிட்டு, பழுப்பு ஸ்வெட்டரில், ஒருத்தி. மரிவிக்கின் முகம். பல நாள் மடித்து வைத்த துணியைப்போல் கன்னத்தின் குறுக்கே ஆழமான மடிப்புகள். கையில் பேனா.

"படு, கண்ணு."

ஐரா அட்டைமேல் படுத்தாள். முழங்காலை நெஞ்சோடு மடித்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்த மாதிரி.

"ஷூ வாங்கக் காலை வரைஞ்சாப் போதாதாக்கா? முழு உடம்பு எதுக்கு?" தேசியின் சிரிப்பு எங்கிருந்தோ கேட்டது.

"அளவு சரியா இருக்கணும்டி" என்றது அது, மரிவிக்கின் குரலில். "காலி இடம் விடக்கூடாது."

மரிவிக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். சுவருக்கு அப்பால் நெனித் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

பேனா பாதத்தைச் சுற்றியது. முழங்காலைச் சுற்றியது. முதுகில் ஏறிக் கழுத்துக்கு வந்தது.

"கூசுதும்மா" என்று ஐரா சிரித்தாள், அசையாமல்.