வீணாகாத வெப்பம்

வேலை முடிந்து வந்த பாலேஸ்வரி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் கால் வைத்தபோது தரை சூடாக இருந்தது. அப்படி இருந்திருக்கக்கூடாது. முதல்நாள்தான் காஸ் கம்பனி ஆள் வந்து, நிலத்தடிப் பேஸ்மென்ற்றில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபேர்னஸின் உள்ளிரும்பில் வெடிப்பு விழுந்துவிட்டது, நச்சுக்காற்று வீட்டுக்குள் கசியலாம் என்று சொல்லி, காஸ் குழாயை மூடிப் பூட்டி, சிவப்பு அட்டை ஒன்றையும் தொங்கவிட்டுப் போயிருந்தான். வெளியே ஜனவரிக் குளிர் வெக்ஸ்போர்ட் தெருக்களைக் கல்லாக்கி வைத்திருந்தது. சமாளிப்பதற்கென்று வாங்கிய சிறிய மின் ஹீற்றர் பெட்டி பிரிக்கப்படாமலே கதவோரம் கிடந்தது. ஆனாலும் சுவரோரமாகத் தரையில் பதித்திருந்த ஃபேர்னஸ் குழாயின் இரும்புச் சல்லடை வழியாக வெப்பக்காற்று வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். இந்த மனிசன் பூட்டை உடைத்திருப்பார் என்று நினைத்தாள். அதற்கும் துப்பில்லாதவர் என்று அடுத்த கணமே திருத்திக்கொண்டாள்.

தியாகலிங்கம் சமையலறை மேசையில் ஃபேர்னஸ் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு செருப்பு வாங்க ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் காலைக் கடிக்கிற செருப்போடு வீடு வருகிறவர் அவளுடைய கணவர். இலையுதிர் காலத்திலிருந்தே ஃபேர்னஸ் தெரிவு செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குச் சேரும் சூடு தொண்ணூற்றாறு வீதமா, தொண்ணூற்றெட்டா. ஒரே அளவில் எரிவதா, குளிருக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்து எரிவதா. அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு மின்சாரத்தில் ஓடும் ஹீற் பம்பா. விற்க வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல், "யோசிச்சுச் சொல்லுறன்" என்று அனுப்பிவைத்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஃபேர்னஸ் செத்துவிட்டது.

"காஸை ஆர் திறந்தது?"

"நான் கீழ போகவே இல்லையப்பா."

"அப்ப உந்தச் சூடு எங்கயிருந்து வருது?"

அவர் எட்டிச் சல்லடையைப் பார்த்தார். "அதானே," என்றார்.

அதானே. வாழ்க்கை முழுவதும் அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான் என்று பாலேஸ்வரிக்குத் தோன்றியது.

அன்று மாலையே ஃபேர்னஸ் விற்கும் றொய்சன் என்ற பெடியன் வந்தான். அவனுக்கு முன்னால் அவனுடைய வாசனைத் தைலம் வீட்டுக்குள் வந்தது. காப்புறுதி அலுவலகத்தில் மற்றவர்களுடைய பொய்களைக் கண்டுபிடிப்பதே பாலேஸ்வரியின் தொழில். அவனுடைய சிரிப்பை ஒரு பார்வையில் எடைபோட்டுத் தள்ளிவிட்டாள்.

"அன்ரி, இதில எரியிற காஸில ரெண்டு வீதம்தான் வெளியில போகும். மிச்சமெல்லாம் வீட்டுக்குள்ளதான். உங்கட பழசில எவ்வளவு சூடு சும்மா ஆகாயத்துக்குப் போயிருக்கும் தெரியுமோ?"

ஆகாயத்தையே தான்தான் செய்து விற்பதுபோல அவன் கையை உயர்த்திக் காட்டினான். பிறகு குழாய்களை அளக்கவேண்டும் என்று கீழே இறங்கினான். தியாகலிங்கம் மேசையை விட்டு எழவில்லை. ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். கீழே பேச்சுக்குரல் கேட்டது. வேலை நேரத்தில் போன் கதைக்கிறான் என்று அவள் உதட்டைச் சுழித்தாள்.

மேலே வந்தவனின் முகம் வெளுத்திருந்தது. தியாகலிங்கத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சப்பாத்துக் கயிற்றைக்கூடக் கட்டாமல் பனிக்குள் இறங்கிப் போனான்.

"உவங்களும் வியாபாரம் செய்ய வந்திட்டாங்கள்," என்றாள் பாலேஸ்வரி.

மறுநாள் அவள் வேலையால் வந்தபோது இருட்டிவிட்டது. வீடு இன்னும் சூடாகியிருந்தது. யன்னல் கண்ணாடிகளின் உட்புறமெல்லாம் நீர் வழிந்துகொண்டிருந்தது. நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் போர்வையை விலக்கும்போது எழுமே, அந்தப் புளித்த ஈர வாடை அறை முழுவதும் நின்றது. ஃபேர்னஸின் மின்விசிறி சுழலும் இரைச்சல் இல்லை. பழைய ஃபேர்னஸ் பற்றிக்கொள்ளும்போது தரைக்கடியில் கேட்கிற அடிச்சத்தமும் இல்லை. காற்று மட்டும் வந்தது. சல்லடைக்கு மேலே தொங்கிய திரைச்சீலையின் ஓரம் மெல்ல உப்பி எழுந்தது, தாழ்ந்தது, பிறகு இரும்புக் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி எழுந்தது.

குழாயில் ஏதோ அடைப்பு என்று நினைத்து அவள் குனிந்து உள்ளங்கையை வைத்தாள். கை நனைந்தது. காற்று வந்தது. நின்றது. பின்வாங்கிப் போனது.

அந்தத் தாளத்தில்தான் தானும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

மூச்சைப் பிடித்தாள்.

சல்லடையும் நின்றது.

திரைச்சீலை அசையவில்லை. காது இரைந்தது. நெஞ்சு முட்டியது. அவள்தான் முதலில் விட்டாள்.

"இஞ்சருங்கோ!"

பதில் கீழிருந்து வந்தது. பேஸ்மென்ற் கதவு திறந்திருந்தது. படிகளின் அடியில் மங்கலாக வெளிச்சம்.

"கீழ என்ன செய்யிறியள்?"

"சும்மா இருக்கிறன்."

"ஃபேர்னஸ் ஒண்டைத் தெரிஞ்செடுத்தியளோ இல்லையோ?"

"இனித் தேவையில்லை பாலேஸ்." அவர் குரல் அமைதியாக இருந்தது. எதையும் முடிவு செய்திராத மனிதர் முடிவு செய்துவிட்ட குரல். "இது ஒண்டையும் வெளியில விடாது."

விசர் மனிசன் என்று வாய்க்குள் சொன்னாள். சொன்னால் தைரியம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. றொய்சனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, எந்த ஃபேர்னஸ் எண்டாலும் கொண்டுவாரும். நாளைக்குக் காலமையே பூட்டவேணும்."

"வேற ஆரையும் கேளுங்கோ அன்ரி."

"ஏன்? நீர்தானே அளவெல்லாம் எடுத்தனீர்?"

"நான் எடுக்கேல்லை. அங்கிள்தானே கீழ நிண்டு எல்லா அளவும் சொன்னவர். ஃபேர்னஸுக்குப் பின்னால நிண்டு."

"அங்கிள் மேல என்னோட இருந்தவர்."

அந்தப் பக்கம் கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஓம் அன்ரி," என்றான் றொய்சன். "மேல வந்த பிறகு நானும் பார்த்தனான்."

அவள் கோட்டைப் போட்டாள். கார்த் திறப்பை எடுத்தாள். வாசல் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. சுத்தமான, நாற்றமில்லாத குளிர். காருக்குள் போய் இருந்துகொண்டு யாரையாவது அழைப்பதுதான் புத்தி. அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து தான் மட்டுமே திட்டிவந்த ஒருவரை ஓர் இரும்புப் பெட்டியிடம் விட்டுப் போக மனம் வரவில்லை. அதை அன்பு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

ஒவ்வொரு படியிலும் குளிர் கூடியது. மேலே அவ்வளவு சூடு. கீழே ஐஸ் பெட்டி. அவள் வாயிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. காஸ் குழாயில் பூட்டு அப்படியே இருந்தது. சிவப்பு அட்டையும் இருந்தது. ஃபேர்னஸின் முன்தகடு மட்டும் கழன்று கிடந்தது. உள்ளே சுவாலை இல்லை. விளக்கொளி ஃபேர்னஸின் கரிய வாசல்வரை போய் நின்றுவிட்டது.

தியாகலிங்கம் பிளாஸ்ரிக் கதிரையில், அதற்கு முதுகு காட்டி இருந்தார். உதடுகள் நீலமாக இருந்தன.

"இப்ப சூடாத்தானே இருக்கு மேல?" என்று கேட்டார்.

அவர் வாயிலிருந்து புகை வரவில்லை.

"எழும்புங்கோ." அவருடைய கையைப் பிடித்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. அந்தக் கையில் பாரமே இல்லை. இழுத்ததும் எழுந்தார். ஆணியிலிருந்து எடுத்த கோட் ஒன்றைப்போல வந்தார். நேற்றுவரை பால்பேணியாய் ஊதியிருந்த கன்னங்கள் எலும்போடு ஒட்டியிருந்தன.

"நடவுங்கோ. என்னைப் பாருங்கோ. நடவுங்கோ."

முதல் படியில் கால் வைத்தபோது மூச்சு நின்றது. அவளுடையதல்ல. வீட்டினுடையது.

நிசப்தம்.

"பாத்தியளோ," என்றாள் பாலேஸ்வரி. குரல் உடைந்தாலும் ஏளனம் உடையவில்லை. "உந்த இழவும் நிண்டுபோச்சு."

மேலே எல்லாச் சல்லடைகளும் ஒரே நேரத்தில் உள்ளிழுத்தன.

திரைச்சீலை வளையங்கள் சலசலத்தன. வாசல் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சிவப்பு அட்டை நூலோடு நிமிர்ந்து இருட்டைப் பார்த்து நின்றது. அவளுடைய தலைமயிர் முகத்தைத் தாண்டி முன்னால் பறந்தது. ஒரு கையால் படிக் கம்பியைப் பற்றினாள். மறு கையில் அவர்.

அவருடைய சட்டை பின்னால் சாய்ந்தது. பிறகு மயிர். பிறகு காது. பிறகு கன்னத்துத் தோல். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இறுக மூடியிருந்தது.

அவருடைய குரல் அவருக்குப் பின்னாலிருந்து, அந்தக் கரிய வாசலுக்குள்ளிருந்து வந்தது.

"அளவு சரியாயிருக்கு பாலேஸ்."

அவள் விடவில்லை. விரல்களுக்குள் அவர் கை கையுறைபோல மடிந்து, நழுவி, நீண்டுகொண்டே போனது. கம்பியிலிருந்த ஆணி ஒன்று கழன்று பறந்தது. கால் ஒரு படி கீழே இறங்கியது.

அது இன்னும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது.