மூன்று கை உப்பு

சிதம்பரத்தில் மண்டிக்காரச் சந்து என்று ஒரு சந்து இருந்தது. இந்த முனையில் ஒருவர் தும்மினால் அந்த முனையில், "யாருக்குச் சளி?" என்று கேட்பார்கள். அவ்வளவு அக்கறை. அப்படிப்பட்ட சந்தில், பழைய நெல் கிடங்கு ஒன்றில் பள்ளிக்கூடம் நடந்தால் சும்மா விடுவார்களா?

ராமாமிர்தம் டீச்சர் நடத்திய பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இருபதே பிள்ளைகள். பெஞ்சு கிடையாது. மணி கிடையாது. பிரம்பு மட்டும் ஒன்று இருந்தது. அதில் அவரைக்கொடி படர்ந்திருந்தது.

"பிரம்புல அவரைக்காய் காய்க்கிற பள்ளிக்கூடத்தை நான் எங்கயும் பாத்ததில்ல," என்று எதிர்வீட்டுப் பட்டம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அவள் வீட்டு ஜன்னலிலிருந்து பள்ளிக்கூட முற்றம் முக்கால்வாசி தெரியும். அதற்காகவே ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். அரிசி தீர்ந்துபோனால், புடைத்த அரிசியையே மறுபடியும் புடைப்பாள்.

ஒருமுறை பிள்ளைகள் கடலோரத்துக் கிள்ளை ஊருக்குப் போய்க் கடல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தாம்பாளத்தில் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். தண்ணீர் ஆவியாகிப் போனது. உப்பு மட்டும் தங்கிவிட்டது.

"கடைத்தெருவுல உப்பு கிடைக்கலையாம், பாவம்," என்றாள் பட்டம்மாள்.

இன்னொரு முறை பிள்ளைகள் வீடு வீடாகப் போய், "உங்க வீட்டுல சாயங்காலம் எப்போ உலை வைப்பீங்க? எப்போ சோறு வடிப்பீங்க?" என்று விசாரித்தார்கள். பிறகு கிடங்குச் சுவரில் அடுப்புக்கரியால் சந்து முழுவதையும் படமாக வரைந்தார்கள். எந்த வீட்டில் எப்போது புகை கிளம்பும் என்பதுகூட அந்தப் படத்தில் இருந்தது.

"அடுத்தவங்க அடுப்பை எட்டிப் பாக்குறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று பட்டம்மாள் கேட்டாள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே.

இந்தப் பேச்சுகளெல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம், தேரடிக்குப் பக்கத்தில் இருந்த அபுல் ஹசனின் பாய்க்கடை. அபுல் ஹசன் நல்ல மனிதர். ஆனால் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால், அவர் ஐந்தாவது விதமாகக் குழம்பிப்போவார். அவருடைய மகள் சுல்தானா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஐந்தாம் வகுப்பு படித்தாள்.

அது 1964-ஆம் வருஷம், தை மாதம். ரமலான் நோன்பும் அப்போதுதான் வந்திருந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் கேட்டார்.

"சுல்தானா, அங்க என்னாதான் சொல்லித் தர்றாங்க?"

"இந்த வெள்ளிக்கிழமை நோன்புக் கஞ்சி காய்ச்சப் போறோம், அத்தா."

அபுல் ஹசன் கையில் இருந்த சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"கஞ்சி காய்ச்சவா பள்ளிக்கூடம்? அதை உங்கம்மா சொல்லித் தர மாட்டாளா? பெரிய பள்ளிக்கூடத்துல பெஞ்சு இருக்கு, மணி இருக்கு. திங்கக்கிழமை உன்னை அங்க சேத்துடப் போறேன்."

சுல்தானா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் கொளஞ்சி இருக்க மாட்டாள். தங்கராசு இருக்க மாட்டான். அவளே விதைத்த முள்ளங்கி இருக்காது. ஒரு கேள்வி கேட்டால், பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்கிற டீச்சரும் இருக்க மாட்டார்.

அவள் அழவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க எங்க பள்ளிக்கூடத்துல வந்து நோன்பு திறங்க அத்தா. கஞ்சியைக் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

"அதுதானே?" என்றாள் அம்மா சைதுன் பீவி. "பாயை விரிச்சுப் பாக்காமயா வாங்குறாங்க உங்க கடையில?"

பேச்சுக்குள் கடையை இழுத்துவிட்ட பிறகு அபுல் ஹசனால் என்ன சொல்ல முடியும்? "சரி, வர்றேன். கஞ்சி நல்லா இல்லேன்னா திங்கக்கிழமை பெரிய பள்ளிக்கூடம்தான்," என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று பிள்ளைகள் சமைப்பார்கள், மற்றவர்கள் பெருக்குவார்கள், கழுவுவார்கள், பரிமாறுவார்கள். அன்றைக்குச் சமையல் சுல்தானா, கொளஞ்சி, தங்கராசு ஆகிய மூன்று பேருடையது.

அரிசியையும் பாசிப்பருப்பையும் புதிதாக வந்திருந்த கிலோ கல்லில் நிறுத்தார்கள். சந்தில் இன்னும் எல்லோரும் படிக்கணக்குதான் பேசினார்கள் என்பதால், படியிலும் அளந்து பார்த்துக்கொண்டார்கள். தங்கராசு அடுப்பைப் பார்த்துக்கொண்டான். கொளஞ்சி பூண்டு உரித்தாள். சுல்தானா வெந்தயத்தைப் போட்டு, தேங்காய்ப்பாலை ஊற்றி, ஒரு கை உப்பும் போட்டாள்.

அவளுக்கு அன்றைக்கு முதல் நோன்பு. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வைக்கக் கூடாது.

"கொளஞ்சி, நான் ருசி பாக்க முடியாது. உப்பு சரியா இருக்கான்னு நீதான் பாக்கணும்," என்றாள்.

"ம்," என்றாள் கொளஞ்சி. அந்த 'ம்' கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. சுல்தானா அதைக் கவனிக்கவில்லை. குவளைகளை எண்ணி வைக்கப் போய்விட்டாள்.

நாலரை மணி இருக்கும். மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. பட்டம்மாளின் மகன் பழனிவேல். அவன் படித்தது பெரிய பள்ளிக்கூடத்தில். ஆனால் அது விட்டதும் அவன் குதிப்பது இந்த மதில்மேலிருந்துதான். இது ஒன்று மட்டும் அவன் அம்மாவுக்குத் தெரியாது. அந்த மதிலும் அடுப்படியும் அவள் ஜன்னலுக்குத் தெரியாத பக்கம் இருந்தன.

"வாசனை எங்க வீடு வரைக்கும் வருது. ஒரு வாய் குடு," என்றான்.

தங்கராசு கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதிக் கொடுத்தான். பழனிவேல் வாயில் வைத்தான். மறுநிமிஷம் அவரைக்கொடி ஓரமாக ஓடித் துப்பினான்.

"கடலூர்க் கடலை அப்படியே மொண்டு ஊத்திட்டீங்களாடா?"

சுல்தானா குவளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கொளஞ்சி, நீ ருசி பாத்தியா இல்லையா?"

கொளஞ்சி தரையைப் பார்த்தாள். "இல்ல. நானும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தண்ணியும் குடிக்கல. நீ மட்டும் பட்டினியா இருந்தா எப்பிடின்னு… வாசனையைப் பாத்தா உப்பு கம்மியா இருக்குற மாதிரி இருந்துது. அதான், ஒரு கை போட்டேன்."

"ஐயோ, நீயும் போட்டியா?" என்றான் தங்கராசு.

இரண்டு பெண்களும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும்தான் சாப்பிடாம இருக்கேன்," என்று முனகினான் அவன். "ருசி பாக்க முடியல. சொல்லவும் வெக்கமா இருந்துது. எதுக்கும் இருக்கட்டும்னு நானும் ஒரு கை…"

வாசனையில் உப்பைக் கண்டுபிடித்த பெண்ணையும், எதற்கும் இருக்கட்டும் என்று உப்புப் போட்ட பையனையும் திட்டலாம் என்றுதான் சுல்தானா வாயைத் திறந்தாள். ஆனால் இரண்டு பேருடைய உதடும் தன் உதட்டைப் போலவே காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

நேரே டீச்சரிடம் ஓடினாள். "டீச்சர், கஞ்சியில உப்பு ஜாஸ்தியாப் போச்சு."

"அப்படியா? என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, டீச்சர் மறுபடியும் பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார்.

சந்தில் எல்லோரும் சொல்வது சரிதான். அந்த டீச்சரிடமிருந்து ஒரு பதிலைப் பிடுங்க முடியாது.

"தண்ணி ஊத்திடலாம்," என்றான் தங்கராசு.

"அப்போ அது கஞ்சியா இருக்காது, ரசமாயிடும்," என்றாள் கொளஞ்சி.

சுல்தானா முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். வெயிலில் தண்ணீர்தான் போனது. உப்பு எங்கேயும் போகவில்லை.

"போட்ட உப்பை எடுக்க முடியாது. பரப்பத்தான் முடியும்," என்றாள் மெதுவாக. "ஒரு கை போட வேண்டிய கஞ்சிக்கு மூணு கை போட்டிருக்கோம். அப்போ கஞ்சியை மூணு மடங்கு ஆக்கினா சரியாப் போயிடும். இன்னும் ரெண்டு பங்கு வேணும். உப்புப் போடாத கஞ்சி."

"அரிசி ஏது?" என்றான் தங்கராசு. "அடுப்பு வச்சு வேக நேரம் ஏது?"

சுல்தானாவின் கண் கிடங்குச் சுவருக்குப் போனது. கரியால் வரைந்த சந்து. வீட்டுக்கு வீடு புகை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல சந்து முழுக்கச் சோறு வடிப்பாங்க," என்றாள். "முதல்ல ரத்தினம்மாள் வீடு. அப்புறம் செல்லாயி அக்கா வீடு. வடிச்ச கஞ்சியில உப்பே இருக்காது. வீட்டுக்கு ஒரு சொம்பு வடிகஞ்சி, ரெண்டு கை சோறு கேட்டா?"

கொளஞ்சியும் தங்கராசும் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியதால் எந்த வீட்டிலும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் தட்டும்போது சரியாகப் பானை சாய்ந்துகொண்டிருந்தது.

"மாட்டுக்கு வச்சிருந்தேன்," என்றாள் செல்லாயி. "பரவால்ல, அது ஒருவேளை பொறுத்துக்கும். ஆனா எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி எடுத்து வைக்கணும், ஆமாம்."

எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள்.

இனி ஒரே ஒரு சிக்கல். மூன்று மடங்கு கஞ்சி பிடிக்கிற பாத்திரம் பள்ளிக்கூடத்தில் இல்லை. சந்திலேயே பெரிய அண்டா ஒருத்தரிடம்தான் இருந்தது. அதை அவர் யாருக்கும் கொடுத்ததே கிடையாது.

சுல்தானா எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

"பெரியம்மா, உங்க அண்டா வேணும்."

"எதுக்கு?" என்றாள் பட்டம்மாள், எதுவும் தெரியாதவள் மாதிரி.

"கஞ்சியில உப்பு ஜாஸ்தியாப் போச்சு பெரியம்மா. என் தப்புதான், நான் கேட்டுப் பாத்திருக்கணும். இப்போ அதைச் சரி பண்ணணும். எங்கத்தா வர்றதுக்குள்ள."

பட்டம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒளித்துவைக்கிற விஷயத்தைக் கண்டுபிடிப்பதில்தான் அவளுக்குப் பழக்கம். கேட்காமலே உண்மையைச் சொல்லுகிறவர்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்டா தர்றேன்," என்றாள் கடைசியில். "ஆனா என் அண்டா தனியா எங்கயும் போகாது. நானும் கூட வருவேன்."

இப்படியாக, இரண்டு வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்த பள்ளிக்கூடத்துக்குள் பட்டம்மாள் முதல்முறையாகக் கால்வைத்தாள். அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். எல்லாவற்றையும் ஊற்றிக் கலக்கினார்கள்.

"உப்பை மட்டும் பரப்பினாப் போதுமா?" என்றாள் பட்டம்மாள். "பூண்டும் வெந்தயமும் ஒரு பங்குதானே கிடக்கு? கஞ்சி சப்புன்னு ஆயிடாதா?"

சுல்தானா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதை அவள் யோசிக்கவே இல்லை.

"அப்போ அதுவும் இன்னும் ரெண்டு பங்கு வேணும், பெரியம்மா."

"பழனிவேலு, ஓடிப்போய் நம்ம வீட்டுப் பூண்டு, வெந்தயம், தேங்காய் எல்லாத்தையும் எடுத்துட்டு வா," என்ற பட்டம்மாள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, நீ இங்க என்னாடா பண்ற?"

"ருசி பாக்குறேன்மா," என்றான் பழனிவேல். பொய் இல்லை. அந்த அடுப்படியில் அன்றைக்கு ருசி பார்க்கக்கூடிய பிள்ளை அவன் ஒருவன்தான்.

கடைசிக் கரண்டியை அவன் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டுத் தலையாட்டியபோது, வெயில் மதிலை விட்டு இறங்கியிருந்தது. வாசலில் அபுல் ஹசன் நின்றார். அவருக்குப் பின்னால் கிண்ணமும் சொம்புமாகச் சந்தே நின்றது.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. எல்லோரும் மண் தரையில் வரிசையாக உட்கார்ந்து பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அபுல் ஹசன் கஞ்சியைக் குடித்தார். சுல்தானா தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு யாரு போட்டது?" என்றார் அவர்.

"மூணு பேரும், அத்தா." அவள் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அபுல் ஹசன் கொளஞ்சியைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்தே குடித்துக்கொண்டிருந்தாள். தங்கராசுவைப் பார்த்தார். கஞ்சிக் கிண்ணத்துக்குள் அவன் முகம் மறைந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவ்வளவுதான். திங்கட்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. கேட்கவும் சுல்தானாவுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில், "கிளம்பு," என்றார். கடையிலிருந்து ஒரு கட்டுக் கோரைப்பாயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முக்கு வந்தது. இடதுபக்கம் போனால் பெரிய பள்ளிக்கூடம். வலதுபக்கம் திரும்பினால் மண்டிக்காரச் சந்து.

அபுல் ஹசன் வலதுபக்கம் திரும்பினார்.

கிடங்கு வாசலில் பாய்க்கட்டை இறக்கிவைத்தார். "பெஞ்சு போட என்னால முடியாது, டீச்சர். பாய் இருக்கு. பிள்ளைங்க மண்ணுல உக்கார வேணாம்."

பிறகு, யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகக் கேட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை என்னா சமைக்கிறாங்க?"

"அதை இன்னும் முடிவு பண்ணல," என்று ஒரு குரல் பதில் சொன்னது. டீச்சர் குரல் இல்லை. திரும்பிப் பார்த்தால், ஒரு கையில் பழனிவேலையும் மறு கையில் அவன் சிலேட்டையும் பிடித்தபடி, அடுப்படியில் பட்டம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் சும்மா என் அண்டாவை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றாள் அவள்.

அந்த அண்டா அதற்குப் பிறகு வீடு திரும்பவே இல்லை.